தந்திக்குப் பின் மிஞ்சியவர்கள்

செத்துப்போனதாகத் தந்தி போன மறுநாள் காலையில் சார்ஜென்ட் கன்சோ உயிரோடுதான் இருந்தான். குகைக்குள் அவன் மடியில் தொமெகிச்சி கிடந்தான். இருவரும் ஜப்பானின் கியூஷூவில் ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி தள்ளியவர்கள். தொமெகிச்சிக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"டேய், என் கால் எங்கடா?"

"அமெரிக்காக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"அந்தச் சேத்துப்புண்ணு காலையா? நல்லா ஏமாந்தான்."

மேஜர் ஜெனரல் இவகிரிதான் அந்தத் தந்தியை டோக்கியோவுக்கு அனுப்பச் சொன்னவர். தீவின் படை முழுதும் வீரமரணம் அடைந்தது என்று தந்தி போனதும் வானொலிப் பெட்டியை உடைத்தார்கள். பிறகு எல்லோரும் கத்திக்கொண்டே இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி ஓடினார்கள். எதிரி கதிர் அறுப்பதுபோல அறுத்துப்போட்டான். குடல் சரிந்த ஜெனரலையும் தொமெகிச்சியையும் கன்சோதான் இழுத்து வந்து இந்தக் குகையில் போட்டான்.

பக்கத்துக் குகையில் கையெறி குண்டு வெடித்தது. அங்கே காயம்பட்டு முனகிக்கொண்டிருந்த சிப்பாய்களின் சத்தம் அடங்கியது. புகையோடு கர்னல் குஜிராய் உள்ளே வந்தார். தோளில் குண்டுப் பை, கையில் கைத்துப்பாக்கி.

"தந்தியைப் பேரரசர் படிச்சிருப்பார். நாம செத்தாச்சு. இனிமே இவனுங்க விடுற ஒவ்வொரு மூச்சும் அவருக்குச் சொன்ன பொய். தள்ளுடா."

"கர்னல் ஐயா, கால்தான் போச்சு. இவன் பிழைச்சுக்குவான்."

துப்பாக்கிப் பிடி கன்சோவின் வாயில் இறங்கியது. உடைந்த பல்லைத் துப்பினான். மடியிலிருந்தவனை விடவில்லை.

"குஜிராய்," என்றார் ஜெனரல் மூலையிலிருந்து. "தளபதி நான் இருக்கேன். எனக்கு முன்னாடி சிப்பாய் போறதா? மரியாதை தெரியாத பயலே. முதல்ல நான். என் கழுத்தை நீதான் வெட்டணும்."

கர்னலின் முகம் பெருமையில் சிவந்தது. அதைவிடப் பெரிய கௌரவம் அவருக்கு இல்லை. பையையும் துப்பாக்கியையும் பாறைமேல் வைத்துவிட்டு இடுப்பு வாளை உருவி இரண்டு கையாலும் ஓங்கினார். ஜெனரல் குடலை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மண்டியிட்டார். குனியுமுன் கன்சோவைப் பார்த்தார். அப்புறம் பாறையைப் பார்த்தார்.

வாள் முந்தைய நாளே மழுங்கியிருந்தது. கழுத்துத் தப்பித் தோளெலும்பில் இறங்கி மாட்டிக்கொண்டது. கர்னல் காலால் உதைத்து அதைப் பிடுங்கப் பார்த்தார்.

கன்சோ தொமெகிச்சியை இறக்கிவிட்டு, பாறையில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக் கர்னலின் பிடரியில் போட்டான்.

"நாயே!" என்று திரும்பிய முகத்தில் இரண்டாவது அடி. விழுந்த பிறகும், கை ஓயும் மட்டும் கரியை உடைப்பதுபோல அடித்தான்.

ஜெனரலுக்கு இன்னும் உயிர் இருந்தது. வாயில் ரத்தம் கொப்பளித்தது. "முடிச்சு விடுடா."

"மன்னிச்சுக்குங்க ஐயா." பாறைமேலிருந்த துப்பாக்கியை அவர் காதோரம் வைத்துச் சுட்டான்.

பிறகு தன் வெள்ளைக் கோவணத்தை அவிழ்த்து மண்வெட்டிப் பிடியில் கொடியாகக் கட்டினான். தொமெகிச்சியை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"வெளிய போனா சுட்டுருவாங்கடா."

"உள்ள மட்டும் என்ன சோறா போட்டாங்க?"

"ஊருக்குப் போனா, பேய்னு எங்கம்மா ஓடுவா."

"ஓடட்டும்."

வெயில் கண்ணைக் குத்தியது. புரியாத மொழியில் எவனோ கத்தினான். காலடியில் குண்டு பாய்ந்து மண் தெறித்தது. கன்சோ அப்படியே மண்டியிட்டான். ஒருவன் ஓடிவந்து அவன் நெஞ்சில் துப்பாக்கிக் குழலை அழுத்தினான். இன்னொருவன் தொமெகிச்சியைப் பற்றி இழுத்தான், தொமெகிச்சி அலறினான்.

"மெதுவா தூக்குடா, காட்டுப்பயலே!" என்று கன்சோ அவனைப் பார்த்துக் கத்தினான். "கால் வலிக்குதில்ல!"