இரண்டு டேப், ஒரு என்டர்

என் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நரம்புக் கோளாறு என்கிறார் டாக்டர். ஒரு எழுத்தைத் தட்டப் போனால் பக்கத்து எழுத்தில் போய் விழும். குடிநீர் நிலையத்தின் பம்புகளை டெர்மினலில் கட்டளை தட்டி இயக்குவதுதான் என் வேலை. கை போனால் வேலையும் போய்விடும்.

அதனால் தம்பி எனக்காக ஒரு ஃபங்ஷன், அதாவது கட்டளையைத் தானே நிரப்பித் தரும் சின்ன நிரல், எழுதிக் கொடுத்தான். அவனுக்கும் நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில், என் பக்கத்து நாற்காலியில்தான் வேலை. பம்பின் எண்ணைப் போட்டு 'எஸ்' தட்டினால் போதும், மீதியை டேப் விசை நிரப்பிவிடும். ஒரு டேப் தட்டினால் 'ஸ்டார்ட்', இன்னொன்று தட்டினால் 'ஸ்டாப்'. பிறகு என்டர். திரையைப் பார்க்காமலே தட்டுமளவுக்குக் கை பழகிவிட்டது. அவனை 'மேதாவி' என்று கிண்டல் செய்வேன். ஆனால் எனக்குச் சோறு போட்டது அந்த ஃபங்ஷன்தான்.

அன்று காலை, குழாய்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் போன் செய்தார். பழைய வால்வு ஒன்றைப் பார்க்கக் குழிக்குள் இறங்கியிருந்தார்.

"ரெண்டாவது பம்ப நிறுத்துங்கம்மா! பக்கத்து பைப்பு பிச்சுக்கிச்சு. கால் மாட்டிக்கிச்சு, தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். இரண்டு, எஸ், டேப், டேப், என்டர்.

"நிறுத்திட்டேங்க."

"நிக்கலம்மா, நெஞ்சுக்கு வருது!"

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். இரண்டாம் பம்ப் ஏற்கெனவே ஓடுகிறது என்று பதில் வந்திருந்தது. நான் கொடுத்தது ஸ்டார்ட். மறுபடி டேப்பைத் தட்டினேன். ஸ்டார்ட். எத்தனை தட்டினாலும் அது ஒன்றுதான் வந்தது.

தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழு வார்த்தையையும் நானே தட்டினேன். எஸ். டி. 'ஓ' வேண்டிய இடத்தில் 'ஐ' விழுந்தது. பாழாய்ப்போன விரல்! அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். ஓ. பி. என்டர்.

போனில் தண்ணீரின் இரைச்சல் மெல்ல அடங்கியது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

"கால் வந்துருச்சும்மா," என்றார் ஃபிட்டர். அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன்.

தம்பி உள்ளே வந்ததும் கேட்டேன். "ஸ்டாப்ப நீதான எடுத்த?"

"நேத்து எடுத்தேன்க்கா. உன் கை தவறி ஏதாவது பம்ப் நின்னுச்சுன்னா உன்ன வேலைய விட்டு அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ மனசு ஒடஞ்சு போயிடுவியோன்னு…"

"எனக்குக் கையா இருன்னுதாண்டா கேட்டேன். தலையாவும் இருக்கச் சொன்னேனா?"

அவன் ஃபங்ஷனைத் திறந்து, எடுத்த வார்த்தையைத் திரும்பச் சேர்த்தான். கோபம் ஆறாமலே அவன் தோளில் கை வைத்தேன்.

இரண்டு பேருமாகப் போய் மேனேஜரிடம் ஒன்றுவிடாமல் சொன்னோம். என்னை என்ன செய்வதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

அதுவரை வேலை என்னுடையது. இரண்டாவது டேப்பில் இப்போது ஸ்டாப் வருகிறது. என்டரைத் தட்டுவதற்கு முன் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து நாற்காலியில் தம்பி தன் வேலையை நிறுத்திவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.