வெடிக்காத குக்கர்

தேஜான் நகரத்தில் ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஹேரிமுக்கு வேலை. கைப்பேசியால் இயக்குகிற ஒருவகைச் சோற்றுக் குக்கரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். பேட்டி எடுக்க வந்த டிவி நிருபரிடம் ஒரு மணி நேரம் விளக்கினாள்.

"குக்கர் பக்கத்துலயே நின்னு, அடிமூடியைக் கழட்டி, ரெண்டு மணி நேரம் மெனக்கெட்டா சோறு வேகுற நேரத்தை மாத்தலாம். அவ்வளவுதான்."

மாலைச் செய்தியில் அவள் மூன்று விநாடி வந்தாள். "மாத்தலாம்" என்றாள். அடுத்த காட்சியில் ஒரு சமையலறை பற்றி எரிந்தது.

கால் மணி நேரத்தில் அவள் குடியிருந்த அடுக்ககத்து ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லோரும் குக்கரைக் கழற்றிக்கொண்டு கீழே வரும்படி நிர்வாகி தொக்சூ அறிவித்தார். ஹேரிம் அடித்துப்பிடித்து இறங்கினாள். வண்டி நிறுத்துமிடத்தில் நாற்பது குக்கர்கள் நின்றன. சிலவற்றில் இன்னும் ஆவி பறந்தது.

"ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க."

"நீ யாரும்மா அதைச் சொல்ல?" என்றார் தொக்சூ.

"டிவியில பேசினதே நான்தான் ஐயா."

நான்காம் மாடி ஓக்னான் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "டிவியில வந்த பொண்ணு விவரமானவ. மூஞ்சியிலேயே பயம் தெரிஞ்சுது. நீ சும்மா நிக்கிறியே."

ஹேரிமுக்கு எரிச்சல் வந்தது. "சரி, நம்ம வாசல் கேமராவுக்கு என்ன பாஸ்வேர்ட்?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு," என்று கூட்டமே சொன்னது. நூடுல்ஸ் கொண்டுவந்த ஆளும் சேர்ந்து சொன்னான்.

"ஆபத்து அதுலதான் இருக்கு. நீங்க எப்ப வெளிய போறீங்கன்னு எவன் வேணும்னாலும் பார்ப்பான்."

"வண்டி விட இடம் இருக்கான்னு நாங்களே அதுலதானே பார்க்குறோம்?" என்றார் தொக்சூ. "அது தீப்பிடிக்காதில்ல?"

ஹேரிம் கண்களை அகல விரித்து, குரலைத் தாழ்த்தினாள். "வெடிக்கும்."

தொக்சூ அலுவலகத்துக்கு ஓடி, ஐந்தே நிமிடத்தில் பாஸ்வேர்டை மாற்றினார். படித்த படிப்பெல்லாம் கண்முன் வந்துபோக, ஹேரிம் கூசிப்போய் மாடியேறினாள். ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே புதிய அறிவிப்பு தொங்கியது. எல்லோருடைய பாதுகாப்பையும் முன்னிட்டு, புதிய பாஸ்வேர்டைத் தொக்சூ கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.