சாயம் பிடித்ததெல்லாம்

கடலடிச் சேற்றில் புழு எண்ணுவதும் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதை விட்டு வெகுநாளாயிற்று. புழுவையும் அக்காவையும் சேர்த்துத் தம்பி வைத்த 'புழுக்கா' என்ற பெயர் ஆய்வுக்கூடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவள் அவனை 'மட்டி' என்பாள். வளைகுடாச் சேற்றில் மட்டிச் சிப்பி அள்ளிப் பிழைப்பவன். பள்ளிக்கூடத்திலும் அவன் மட்டிதான். இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்பது அவள் கட்சி.

துறைமுகத்துக் குழாய் வெடித்து எண்ணெய் கொட்டியதிலிருந்து வளைகுடாவில் கால் வைக்கத் தடை. மேலே மிதந்ததை அள்ளிவிட்டார்கள். தண்ணீரும் பளிங்காகிவிட்டது. ஊர் அதைப் பார்த்து நிம்மதியானது, அவள் ஆகவில்லை. எண்ணெய் எங்கே போகும்? மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். அங்கே ஏதாவது பிழைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. அவள் சொல்லும் ஒரு வார்த்தைக்காகத் தம்பி வேலையில்லாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

வழக்கமாக அள்ளிய சேற்றில் ஒரு பங்கைப் பச்சையாகவே கண்ணாடித் தொட்டியில் போட்டு, எது நெளிகிறது, எது துளை போடுகிறது என்று பார்ப்பார்கள். இந்தமுறை எண்ணெய் நெடியில் எல்லோருக்கும் தலை கிறுகிறுத்தது.

"தொட்டியெல்லாம் வேணாம். படகுலயே மருந்தையும் சாயத்தையும் ஊத்தி மூடிக் கொண்டாந்துடுங்க," என்றார் இயக்குநர்.

அவளும் தலையாட்டினாள். மருந்து எல்லாவற்றையும் கொன்று கெடாமல் வைக்கும். சாயம், அள்ளும்போது உயிரோடிருந்த உடம்பில் இளஞ்சிவப்பாக ஏறும். வெற்று ஓட்டில் ஏறாது. சிவந்ததை எண்ணு, மற்றதைத் தள்ளு. இத்தனை வருஷமாக அவள் பழகிய பாடம் அதுதான்.

நுண்ணோக்கியில் கண் வைத்தபோது தட்டு முழுக்கச் சிவப்பு. சீப்புப் பல் போலக் கால் வைத்த புழுக்கள், கடுகளவு மட்டிக் குஞ்சுகள், ஒரு குறையில்லாமல். இயக்குநரிடம் "உயிர் இருக்கு சார்" என்றாள். அரசாங்க அறிவிப்புக்கு முந்திக்கொண்டு தம்பிக்கும் போன் போட்டாள்.

"போடா மட்டி. உன் சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா இருக்காங்க."

தடை நீங்கிய அன்று காலையில் அவன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் ஒரு வாளி நிறையச் சேறு.

"இந்தா புழுக்கா, உன் பிள்ளைங்க. மட்டி வீட்டுக்குப் போயிடுச்சு, இது உனக்கு."

"கால் ஏண்டா செவந்திருக்கு?"

"லேசா எரியுது. ரொம்ப நாள் சும்மா இருந்த காலு, சொகுசு கண்டுடுச்சு." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவள் அந்தச் சேற்றைத் தொட்டியில் கொட்டி, கடல்நீர் ஊற்றி, காற்றுக் குழாயைச் சொருகினாள். மத்தியானத்துக்குள் நீர் தெளிந்தது. சேற்றின் மேல் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சுருக்கமில்லை. எந்தப் புழுவும் துளை போடவில்லை, எந்த மட்டியும் மூச்சுக் குழாய் நீட்டவில்லை. இடம் புதிது, பயந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும்கூட எதுவும் அசையாதபோது அள்ளிச் சல்லடையில் அலசினாள்.

எல்லாம் இருந்தன. புழுக்கள் முழுசாக, கால் உதிராமல் இருந்தன. ஊசி முனையால் தொட்டாள். நெளியவில்லை. இன்னொன்றைத் தொட்டாள். ஒரு துளி சாயம் விட்டாள். அந்தச் சவம் அவள் கண்ணெதிரே அழகாகச் சிவந்தது.

சாயத்துக்கு உயிரும் தெரியாது, சாவும் தெரியாது. கெடாத சதை மட்டும்தான் தெரியும். மற்ற இடத்தில் செத்தது சீக்கிரம் மக்கிவிடும், அதனால் கணக்கு தப்பாது. காற்றே புகாத இந்த எண்ணெய்ச் சேற்றில் செத்தவை ஊறுகாய் மாதிரி அப்படியே கிடந்திருக்கின்றன. நெடிக்குப் பயந்து மூக்கைப் பொத்தியவள் கண்ணையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவள் எண்ணிச் சொன்னது ஒரு சுடுகாட்டை.

தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி மனைவி எடுத்தாள்.

"அவர் படுத்திருக்காரு அண்ணி. தலைவலியாம், காலெல்லாம் கொப்புளம்."

"காலைல கொண்டாந்த மட்டி எங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. கொதிக்க கொதிக்க அவிச்சேன், ஒண்ணுகூட வாய் திறக்கல. செத்த மட்டிதானே திறக்காது, கொட்டிடலாம்னு பார்த்தேன். இவர்தான் விடல."

"என்ன சொன்னான்?"

"'அக்கா கண்ணாடி வச்சு ஒவ்வொண்ணா பார்த்துட்டா, உயிரோடதான் இருக்குன்னு சொல்லிட்டா. அவளைவிட உனக்குத் தெரியுமா'ன்னாரு. கத்தியை விட்டு நெம்பித் திறந்தோம். பிள்ளைங்க ரெண்டும் நல்லா சாப்பிட்டுச்சுங்க. சின்னவ மட்டும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது, கரகரப்பாக, இன்னும் கேலியாக. "புழுக்காவா? அவ பங்கு மூடி வச்சிருக்குன்னு சொல்லு."

அவள் 'மட்டி' என்று கூப்பிட வாயெடுத்தாள். அந்தப் பெயர் இப்போது யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்ததும் வார்த்தை வரவில்லை.

"அவனை எழுப்பும்மா," என்றாள். "பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் சொன்னது தப்பு."