மூன்றாவது சென்சார்

காதுக்காரர் என்று கேட்டால்தான் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வழி சொல்வார்கள். வாசல் போர்டில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர் யாருமில்லை. பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து அரை நிமிடம் நின்றாரென்றால் எந்த வால்வு தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் அடுத்த மாதம் காலை வாரப்போகிறது என்று சொல்லிவிடுவார். அந்த அரை நிமிடம் அங்கே ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை தும்மிவிட்ட வாடிக்கையாளரை வெளியே போய் நிற்கச் சொன்னார். அவரும் போய் நின்றார். தும்மியது தன் தப்புதான் என்று பிறகு நாலு பேரிடம் அவரே சொல்லிக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால் மற்ற வேலைகளில் காதுக்காரர் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. ஸ்பானர் பிடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அதே தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டரை வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கிற வேலையை மனைவியின் தம்பியிடம் விட்டிருந்தார். காது ஒன்றுதான் அவர் சொத்து. அது இல்லையென்றால் தெருவின் நான்காவது மெக்கானிக், அவ்வளவுதான். இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அதைப் பற்றி நினைக்கவே மாட்டார்.

இப்படியிருக்கையில் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் தன் பதினெட்டு வயதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மேட்டில் ஏறும்போது வண்டி திணறுகிறது, மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது என்றார். அந்த மேட்டில்தான் லைசென்ஸ் டெஸ்ட். ஒரே மாதத்தில் அவருடைய மாணவர்கள் மூன்று பேர் பாதி மேட்டில் வண்டியை நிறுத்தித் தோற்றிருந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று அவர்கள் சொன்னபோது, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று டீச்சர் திட்டி அனுப்பியிருந்தார். பிறகு ஒருநாள் தானே ஏற்றிப் பார்த்தார். கூடம் கோணல்தான்.

மைத்துனன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான்.

"நாக் சென்சார் மாமா. இன்ஜின்ல தட்டல் இருக்குன்னு சொல்லுது."

நாக் சென்சார் என்பது இன்ஜின் பக்கவாட்டில் திருகியிருக்கும் பட்டன் அளவு சாமான். உள்ளே எரிபொருள் கன்னாபின்னாவென்று வெடித்துத் தட்டினால் அது காதில் வாங்கி வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கொடுக்கும். கம்ப்யூட்டர் பயந்த சுபாவம். உடனே தீப்பொறியைத் தாமதமாக்கி, இழுவையைக் குறைத்துவிடும்.

காதுக்காரர் பானெட்டைத் திறந்து நின்றார். ஒர்க்‌ஷாப் அடங்கியது. மைத்துனன் ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினான். அரை நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"தட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஞ்சு மாதிரி ஓடுது. சென்சார்தான் பொய் சொல்லுது, மாத்து."

டீச்சர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் எதையோ சொல்ல வாயெடுத்து, பின் சென்சாரைக் கழற்றப் போனான்.

புது சென்சார் போட்ட நாலாம் நாள் டீச்சர் திரும்பி வந்தார். மேட்டில் அதே திணறல், நாலாவது மாணவரும் அவுட். காதுக்காரர் மறுபடி கேட்டார். பஞ்சு. இரண்டாவது சென்சார் போட்டு, அதற்குப் போகிற ஒயரையும் மாற்றினார்கள். ஒரு வாரத்தில் ஐந்தாவது மாணவரும் அவுட், வண்டி திரும்பி வந்தது.

"அது எப்படி மாமா, ரெண்டு சென்சாரும் ஒரே பொய்யச் சொல்லும்?"

"ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுதானே. வேற கடையில வாங்கு."

"இல்ல மாமா, ஒருவேளை நிஜமாவே ஏதாவது..."

"நிஜமா இருந்தா எனக்குக் கேக்காதா? எத்தனை தடவை சொல்றது. உன்கிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணு."

மூன்றாவது சென்சார் வேறு கடையிலிருந்து வந்தது. மதியம் அதைப் பொருத்தி, மைத்துனன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். டீச்சர் கைகட்டி நின்றார். காதுக்காரர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார்.

அப்போதுதான் அவர் மனைவி சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள். புருஷனுடைய காதின் மேல் ஊருக்கு இருந்த பக்தி அவளுக்குக் கிடையாது. வீட்டில் அவள் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிற ஆள் அவர். அவள் வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்பது அவர் கட்சி. போன் அடித்து ஓய்ந்தால் போனில் கோளாறு.

"ஏங்க, என்ன அது, தகரத்துல மழை பெய்யுற மாதிரி?" என்று அவள் உரக்கவே கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளை அதட்டத்தான் திறந்தார். ஆனால் கண்ணில் பட்டது வேறு. டீச்சரின் பார்வையும் மனைவியின் பார்வையும் இன்ஜினின் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றன. கதவு வழியே தலையை நீட்டி மைத்துனனும் அங்கேதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இன்ஜின் பஞ்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றவருக்கு இதைவிடப் பயமான எதுவும் வந்ததில்லை.

நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மூவரும் பார்த்த திசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். சைலன்சர் குழாயின் சூடு மேலே அடிக்காமல் மறைக்கிற மெல்லிய தகட்டைத் தொட்டதும் ஸ்க்ரூடிரைவர் கையில் நடுங்கியது. தகட்டின் ஒரு மூலையில் போல்ட் இல்லை. அழுத்திப் பிடித்தார்.

"இப்ப நின்னுடுச்சு" என்றாள் மனைவி.

கையை எடுத்தார்.

"மறுபடி வருது."

அழுத்தினார், விட்டார். நின்றது என்றாள், வருகிறது என்றாள். அவருக்கு அழுத்தினாலும் பஞ்சு, விட்டாலும் பஞ்சு. ஐந்தாவது தடவை அழுத்தியபோது மைத்துனன் உள்ளேயிருந்து, "மாமா, ஸ்க்ரீன்ல தட்டல் ஜீரோ ஆயிடுச்சு" என்றான். ஆடும் தகட்டின் கிணுகிணுப்பைத் தட்டல் என்று எண்ணி, பழையதோடு சேர்த்து நான்கு சென்சார்களும் யோக்கியமாக வேலை செய்திருந்தன. கேட்டதைக் கேட்டபடி சொன்னதற்காக மூன்று குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தன.

போல்ட் போட்டு முறுக்கினார். தகட்டுச் சூடு பட்ட கை ஆறியபிறகு மைத்துனனிடம் கேட்டார்.

"உனக்கு முதல்லயே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா. நீங்க ஒண்ணும் சொல்லலயே. அதனால அது கணக்குல வராத சத்தம்னு விட்டுட்டேன்."

"டீச்சர், உங்களுக்கு?"

"எனக்கு மூணு மாசமா கேக்குதுண்ணே. நீங்கதான் ஒண்ணும் இல்லேன்னுட்டீங்களே. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். டெஸ்டெல்லாம் எடுத்துட்டு, காது நல்லாத்தான் இருக்குன்னாரு. அவரு என்னத்த கண்டாருன்னு வேற டாக்டரைப் பாக்கலாம்னு இருந்தேன்."

காதுக்காரர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டேயிருந்தார். வெட்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு வருகிற வெட்கம் அல்ல அது. மறைத்தது தெரியாமலே மறைத்தவனுடையது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. இருந்த தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்.

"எனக்குக் கேக்கல டீச்சர். இப்பவும் கேக்கல. என் காது போயிடுச்சு. இவதான் கண்டுபிடிச்சா."

டீச்சர் சிரித்துவிட்டார். மைத்துனனும் சிரித்தான்.

"பாத்தியா தம்பி, வீட்டுக்காரம்மாவுக்குப் பேரு வாங்கித் தர்றாரு. இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

"மாமா எப்பவும் அப்படித்தான் டீச்சர். முதல்ல சென்சாரை ஒழுங்கு பண்ணிட்டு அப்புறம் தகட்டுக்கு வந்தாரு. வரிசையாத்தான் போவாரு."

"அதானே. கண்ண மூடிட்டு, ஸ்க்ரூடிரைவராலேயே கேட்டாரே, பாத்தியா?"

காதுக்காரர் கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றிருந்தார். அதைச் சொல்லியும் பயனில்லை. நாளைக்கு ஊருக்குள் ஸ்க்ரூடிரைவர் கதைதான் ஓடும். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

டீச்சர் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தார். மஞ்சள் விளக்கு இல்லை, கிணுகிணுப்பு இல்லை. மைத்துனன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஆனாலும் டீச்சர் கிளம்பவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"நாளைக்கு அஞ்சு பேருக்கும் மறு டெஸ்ட் இருக்குண்ணே. எனக்குக் கேக்கலேங்கறத நான் நம்ப முடியாது. நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லிடுங்க, நிம்மதியா போறேன்."

மைத்துனன் பேச்சை நிறுத்தினான். ஒர்க்‌ஷாப் அடங்கியது. காதுக்காரர் வேறு வழியில்லாமல் பானெட்டுக்குப் போனார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, இல்லை என்று மெல்லத் தலையசைத்தாள்.

"சத்தம் இல்ல டீச்சர், போயிட்டு வாங்க" என்றார் காதுக்காரர்.