அட்மின் மட்டும் எழுதலாம்

நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த அந்தத் தெருவின் வாட்ஸாப் குழுவுக்கு வாய்ப்பூட்டு விழுந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பூட்டியவர் சர்வேயர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் மனுஷனுக்கு அளக்கிற புத்தி மட்டும் ஓயவில்லை. குப்பை வண்டி எத்தனை நிமிடம் தாமதம், எந்த வீட்டு நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது, தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, எல்லாவற்றையும் ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டுத்தான் குழுவில் எழுதுவார். மேலே ‘அவசரம்’ என்று ஒரு தலைப்பு. தண்ணீர்த் தொட்டி மூடி கோணலாக இருந்தாலும் அவருக்கு அவசரம்தான்.

பூட்டு விழக் காரணம் கடைசி வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் பதினைந்து வருட வேலை. ஒருநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்தவள், வழியில் பால் வாங்க இறங்கி, ஸ்கூட்டரைச் சர்வேயர் வீட்டு கேட்டை அரையடி மறைத்து நிறுத்திவிட்டாள். அவர் டேப்பை வைத்து அளந்து, படம் எடுத்து, குழுவில் போட்டார். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாளா? ‘இல்லாத காருக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய கேட்டு?’ என்று எழுதினாள். தெருவே சிரிப்புப் பொம்மைகளைக் கொட்டியது. மொத்தம் நாற்பத்திரண்டு. அவர் எண்ணாமல் இருந்திருப்பாரா என்ன?

மனைவி சாகக் கிடந்தபோது வைத்தியத்துக்காக அந்தக் காரை விற்றார் என்பது நர்ஸுக்கு மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சர்வேயர் அதற்குள் அவளைக் குழுவிலிருந்து தூக்கி, அவள் எண்ணையும் தடுத்து, இனி அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அமைத்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். சர்வேயருக்கு ஒரே ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

“விட்டது தொல்லை” என்று அவள் தன் கணவரிடம் சொல்லிக்கொண்டாள். வாய்தான் அப்படிச் சொன்னது. வீட்டுக்காரர் குளிக்கப் போகிற நேரமெல்லாம் அவர் போனை எடுத்துக் குழுவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். அன்றைக்குப் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

மதியம் மூன்று ஐந்துக்கு அது சிணுங்கியது. சர்வேயர்தான். ‘யாராவது இருக்கீங்களா அவசரம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

“நல்லா வேணும்!” என்று சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள் அவள். “கூப்பிடுங்க சார், நல்லா கூப்பிடுங்க. எல்லாரு வாயையும் தச்சு வெச்சுட்டு இப்ப பாட்டுப் பாடச் சொன்னா யாரு பாடுவா?”

எண் போடாமல் அவர் எழுதியதே கிடையாது. அது அவள் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. பட்டும், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போனாள். தண்ணீர் கொதிக்க, பால் பொங்க, சர்க்கரை டப்பா கிடைக்க என்று நிதானமாகத்தான் போட்டாள். இடையில் போன் நாலைந்து தரம் அதிர்ந்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

டம்ளரோடு வந்து போனைத் திருப்பினாள்.

‘பேத்தி பாத்ரூம் கழுவுற ஆசிட்டைக் குடிச்சுட்டா. மூணு வயசு. ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தேன். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகுமாம். என்ன செய்யணும்?’

‘யாரும் போன் பண்ணாதீங்க. ஆம்புலன்ஸ்காரங்க கூப்பிடுவாங்க, லைன் வேணும். இங்கயே எழுதுங்க.’

‘தொண்ணூறு பேரு பாத்துட்டீங்க. ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டீங்களா? நான் அப்படி என்ன பாவம் பண்ணேன்?’

டம்ளரைப் பட்டென்று மேஜையில் வைத்தாள். அடப்பாவி மனுஷா, பூட்டினதே நீங்கதானே! பதற்றத்தில் அவருக்கு அது மறந்தே போயிருந்தது. பதில் எழுதும் இடத்தில் ‘அட்மின் மட்டுமே எழுதலாம்’ என்று போன் சொன்னது. வீட்டுக்காரர் எண்ணிலிருந்தே அவரைக் கூப்பிட்டாள். துண்டித்தார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் துண்டித்தார். தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் அந்தக் குழுவின் மேலேயே இருந்தது.

அடுத்த வரி வந்து விழுந்தது. ‘உப்புத் தண்ணி கரைச்சுட்டேன். குடுத்து வாந்தி எடுக்க வைக்கப் போறேன்.’

செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். நடுவில் பதினாலு வீடு. வாசலுக்கு வாசல் ஆட்கள் கையில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்ன நர்ஸம்மா, ஒரு வரி எழுத முடியலையே!” என்றார் தையல்காரர். அவளுக்கு வந்த கோபத்துக்கு நின்றிருந்தால் அறைந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டலாம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

கேட் உள்ளே பூட்டியிருந்தது. “சார்! சார்!” என்று இரண்டு கையாலும் அடித்தாள். சர்வேயர் வாசலுக்கு வந்தார். இடுப்பில் பேத்தி. ஒரு கையில் டம்ளர், போன் சட்டைப் பையில். குழந்தை அழுது அழுது குரல் கம்மி, வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டிருந்தது.

“நீங்களா?” அவர் முகம் சுருங்கியது. “சண்டைக்கு இதுதான் நேரமா? மனுஷிதானா நீங்க?”

“சண்டைக்கு வரல சார்! அதைக் குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வைக்கவே கூடாது! கேட்டைத் திறங்க!”

“போங்கம்மா இங்கேருந்து. என்னைப் பாத்துத் தெருவையே சிரிக்க வெச்சீங்க. இன்னிக்கு இந்தப் பிஞ்சு துடிக்குது, ஒருத்தன் பதில் போடல. எல்லாரையும் எனக்கு எதிரா நீங்கதான் திருப்பிவிட்டீங்க.”

“ஐயோ சார், அவங்களால எழுத முடியாது! அட்மின் மட்டும்தான் எழுதலாம்னு நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க!”

அவர் குனிந்து சட்டைப் பையைப் பார்த்தார். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்து எதையோ அழுத்தினார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி வந்தார்கள். ஒலிமேல் ஒலி. உடனே வாந்தி எடுக்க வைங்க என்றார் தையல்காரர். விரலைத் தொண்டைக்குள் விடச் சொன்னார் வக்கீல். ஒருவர் சோப்புத் தண்ணீர், ஒருவர் எலுமிச்சைச் சாறு, ஒருவர் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்றால், அந்தத் தெருவில் ஒரு மருத்துவக் கல்லூரியே நடத்தலாம்.

படிக்கப் படிக்கச் சர்வேயரின் முகம் தெளிந்தது. தெரு அவரைக் கைவிடவில்லை. “பாத்தீங்களா? எல்லாரும் வாந்திதான்கிறாங்க. முப்பது பேரு சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் வேணாம்கிறீங்க.” டம்ளரை எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

நர்ஸ் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். குழுவின் பூட்டைத் திறக்க வைத்ததே அவள்தானே! பதினைந்து வருட அனுபவம் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் முப்பது பேர் சேர்ந்து ஒரு குழந்தையின் தொண்டையை இரண்டாம் தடவை பொசுக்கப் பார்த்தார்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரலை இறக்கினாள்.

“சார், ஸ்கூட்டரை வெச்சது என் தப்பு. காரைப் பத்திப் பேசினது அதைவிடப் பெரிய தப்பு. அதுக்கு நீங்க என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சுத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். இப்ப நான் சொல்றதைக்கூடக் கேக்க வேணாம். அவ உதட்டை மட்டும் பாருங்க. வெளுத்திருக்கா? தோலு உரிஞ்சிருக்கா?”

அவர் பார்த்தார்.

“உள்ள போறப்ப எரிச்சுக்கிட்டே போயிருக்கு சார். திரும்ப வெளிய வர்றப்ப மட்டும் சும்மாவா வரும்?”

டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டதும் குழந்தை வீறிட்டு இரண்டு கையாலும் அதைத் தள்ளியது. சர்வேயர் குழந்தையைப் பார்த்தார், விடாமல் மினுக்கிய போனைப் பார்த்தார், கேட்டுக்கு வெளியே நின்றவளைப் பார்த்தார். பிறகு உப்புத் தண்ணீரை அப்படியே தரையில் கொட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒற்றைக் கையால் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க அவரால் முடியவில்லை. அவள் கம்பிக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கி, தானே திறந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைக் குழாயடிக்குக் கொண்டுபோய், தலையை முன்னால் சாய்த்துப் பிடித்து, கையில் தண்ணீர் அள்ளி வாயில் விட்டாள். “முழுங்காதேடா கண்ணு, துப்பு. தூரமா துப்பு பாப்போம். அடி சக்கை! இன்னொண்ணு.” மோவாயைக் கழுவினாள். ஆசிட் சிந்திய சட்டையைக் கழற்றி வீசினாள். “அந்தப் பாட்டிலை எடுத்துக்குங்க சார், டாக்டர் பாக்கணும்” என்றாள். சர்வேயர் சொன்னதையெல்லாம் செய்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் குழந்தை அவள் கழுத்தை விடவில்லை. வெறுங்காலோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

போனது அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான். குழந்தையின் அம்மா அலுவலகத்திலிருந்து அழுதுகொண்டே வந்து உள்ளே போய்விட்டாள். சர்வேயரும் நர்ஸும் வெளியே காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா கையில் அட்டையோடு வந்தாள்.

“வாயிலயும் தொண்டை மேல்பக்கமும் புண்ணு இருக்கு. கீழ ஒண்ணும் பெருசா இல்ல. உயிருக்குப் பயமில்ல. வாந்தி எடுக்க வெச்சிருந்தீங்கன்னா கதையே வேற.”

சர்வேயர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பொங்கிப் பொங்கி அழுதார். “இவங்கதான் டாக்டர். என் பேத்தி உயிரு இவங்க போட்ட பிச்சை. நான் எழுதினதைப் பாத்ததும் ஓடி வந்துட்டாங்க. ஒரு நிமிஷம்கூடத் தாமசம் பண்ணல.”

“சரி சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள் டாக்டரம்மா. “குடிச்சதுக்கும் வாய் கழுவினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? அதை வெச்சுத்தான் வீக்கம் எப்படி இருக்கும்னு பாக்கணும். ராத்திரி மூச்சுத் திணறிடக் கூடாது.”

“மூணு நிமிஷம் இருக்கும். நாலுன்னு வெச்சுக்குங்க. இவங்கதான் உடனே வந்துட்டாங்களே.”

டாக்டரம்மா எழுதப் போனாள். நர்ஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தெருவே அவளைக் கொண்டாடியிருக்கும்.

“பன்னெண்டு நிமிஷம்” என்றாள்.

பேனா நின்றது. சர்வேயர் கைகளை இறக்கினார்.

“முதல் மெசேஜ் மூணு அஞ்சுக்கு வந்துச்சு. நான் பாத்தேன். இவரு எண் போடாம எழுதினதே இல்ல, ஏதோ சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சும் போனைக் கவுத்து வெச்சுட்டு டீ போடப் போனேன். அதுலயே ஏழு நிமிஷம் போச்சு, மிச்சம் ஓடி வந்து கேட்டுல நின்னதுல. பன்னெண்டுன்னு எழுதுங்க டாக்டர்.”

டாக்டரம்மா எதை எழுதுவது என்று தெரியாமல் சர்வேயரைப் பார்த்தாள். அவர் பேத்தி படுத்திருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டுன்னே எழுதிக்குங்க” என்றார் கடைசியில். “அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.