புல்லுக்குக் கிடையாது

வேல்முருகன் புது வீடு கட்டியிருக்கிறான், திங்கட்கிழமை காலையில் கிரகப்பிரவேசம், பசுவும் கன்றும் வேண்டும் என்று வாத்தியார் போனில் சொன்னபோது, எவ்வளவு தருவார்கள் என்று மங்கையர்க்கரசி கேட்கவில்லை. வழக்கமாக அவள் முதலில் கேட்பதே அதைத்தான். வாத்தியாருக்கே சந்தேகம் வந்து, எந்த வேல்முருகன் என்று தெரியுமல்லவா, உரக்கடைக்காரர், என்று விளக்கினார். தெரியும் சாமி, நல்லாவே தெரியும், வந்துடறேன் என்றாள் அவள். போனை வைத்ததும், நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஊர் அவளுடையது. கறவைக்கு மூன்று ஜெர்சி மாடுகள், அது தவிர அம்முலு என்று ஒரு நாட்டுப் பசு. அம்முலு கறக்கிற பாலில் ஒரு வீட்டுக்குக் காப்பி போடலாம், அவ்வளவுதான். ஆனால் சின்ன காஞ்சிபுரத்திலும் பெரிய காஞ்சிபுரத்திலும் புது வீட்டுக்காரர்கள் தேடுவது அதைத்தான். திமிலும் கொம்புமாக நாட்டுப் பசு, கூடவே கன்று. மேளத்துக்கு மிரளாது, ஓமப் புகைக்கு முகம் திருப்பாது, வழுக்குகிற டைல்ஸ் தரையில் நிதானமாக நடந்து கூடம் வரைக்கும் போகும். போன இடத்தில் கோமியம் விட்டு, சாணமும் போட்டுவிட்டால் வீட்டுக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. தெருவில் மிதித்தால் முகம் சுளிக்கிற அதே ஆட்கள் அன்றைக்கு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அம்முலுவுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. மங்கையர்க்கரசி முன்னால் நின்று, ஒரு பிடி பச்சைப்புல்லைக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தால்தான் அது வாசற்படி தாண்டும். வேறு யார் இழுத்தாலும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். அந்த ஒரு பிடி புல்லை வைத்துத்தான் அவள் வேல்முருகனுக்குக் கணக்குத் தீர்ப்பதாக இருந்தாள்.

விஷயம் இதுதான். அரை ஏக்கரில் அவள் கோ-4 தீவனப் புல் போட்டிருந்தாள். ஒன்றரை மாதத்துக்கு ஒரு அறுப்பு. அறுத்ததும் தண்ணீர் பாய்ச்சி உரம் வீசினால் புல் ஆள் உயரத்துக்கு எழும்பும். பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் எல்லாம் விலை ஏறி ஏறி அவள் கைக்கு எட்டாமல் போய் இரண்டு வருடம் ஆயிற்று. யூரியா ஒன்றுதான் மிச்சம். மூட்டையில் அச்சடித்த விலை என்னவோ ஏறவில்லை. ஆனால் அந்த விலைக்கு வேல்முருகன் கடையில் மூட்டை கிடைக்காது. ஒரு மூட்டை வேண்டும் என்றால் கூடவே ஒரு பாட்டில் டானிக் வாங்க வேண்டும், அது மூட்டையைவிட விலை. அந்த டானிக்கை எதற்குத் தெளிப்பது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

இரண்டு அறுப்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். மூன்றாவது தடவை, பாட்டில் வேண்டாம் அண்ணே, மூட்டை மட்டும் போடுங்க என்று ஆதார் அட்டையை நீட்டினாள். கடையில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். வேல்முருகன் அட்டையை வாங்கிப் பார்த்து, அவளையும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"இன்னா பயிரும்மா போட்டுக்கிற? புல்லா? நெல்லு போடறவனே உரம் இல்லாம நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறான். புல்லுக்கெல்லாம் உரம் கிடையாது. அது தானா மொளைக்கும், போ."

அட்டையை அவன் அவள் கையில் கொடுக்கவில்லை. கல்லாவிலிருந்து விட்டெறிந்தான். அது தரையில் விழுந்து மூட்டைகளுக்கு நடுவில் போய்விட்டது. அவள் மண்டியிட்டு அதைத் தேடி எடுத்தாள். பக்கத்து ஊர் கண்ணாயிரம் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் மறுநாள் அவனிடம் மூட்டை வாங்க வேண்டியிருந்ததே.

அந்த அறுப்பு பாதிகூட தேறவில்லை. புல் மஞ்சள் தட்டி, விரல் கனத்துக்குத் தண்டு விட்டு நின்றது. அப்போது அவளிடம் நாலு ஜெர்சி இருந்தன. நாலுக்கும் வயிறு நிரப்ப வழியில்லாமல் ராணியைத் தரகனிடம் கொடுத்தாள். ராணியைக் கன்றாக வாங்கி, மடியில் போட்டு வளர்க்காத குறையாக வளர்த்தவள் அவள். லாரியில் ஏற்றும்போது அது அவள் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டது. தரகன் அதை விடுவித்தான். லாரி எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தாள். தொழுவத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, கழுவுகிற தண்ணீரும் கோமியமும் ஒரு சொட்டு வீணாகாமல் புல்லுக்குப் போகிற மாதிரி செய்தாள். சாணத்தைத் தொட்டியில் கரைத்து ஊற்றினாள். வரப்பெல்லாம் மண்ணுக்குச் சத்து சேர்க்கிற வேலிமசால் விதைத்தாள். புல் மெல்ல மெல்லப் பச்சை கட்டியது. பழைய உயரம் வரவில்லை, ஆனால் வந்தது. சாணம் அள்ளும் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு தடவை வேல்முருகனைத் திட்டினாள். அதுவும் புல்லுக்கு எருவாகத்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்போது அவனே ஆள் விட்டுக் கூப்பிடுகிறான். யாருடைய மாடு என்று அவனுக்குத் தெரியாது, வாத்தியார் ஏற்பாடு. அவள் திட்டம் ரொம்ப எளிது. அம்முலுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவாள். கையில் புல் இருக்காது. நல்ல நேரம் ஏழரை வரைதான், அதன் பிறகு ராகுகாலம். மாடு ஏன் நகரவில்லை என்று அவன் கேட்பான். புல் இல்லை அண்ணே, உரம் இல்லாமல் எப்படி முளைக்கும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வாள். அட்டையை எறிந்த கையால் அவன் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகு இடுப்பில் ஒளித்த புல்லை எடுப்பதா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் குட்டியானை வண்டி செவிலிமேட்டுப் பக்கம் புது மனைப்பிரிவில் போய் நின்றது. மாடி வீடு, வாசலில் வாழை மரம், மேளம். கேட்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும் நடுவில் பலகைக் கல் பாதை, இரண்டு பக்கமும் கொரியன் புல் பதித்த புல்தரை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்படி ஒரு கரும்பச்சை. மாட்டுக்கு அறுக்க முடியாத, குட்டையான, ஒன்றுக்கும் உதவாத புல், பார்ப்பதற்கு மட்டும். தன் நிலத்தில் மஞ்சளாக நின்ற தண்டுகள் அவள் கண் முன்னால் வந்தன, ராணியும் வந்தாள்.

வேல்முருகன் பட்டு வேட்டியில் இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு, வந்தது மாட்டுக்காரிதானே என்று சமாதானமாகிவிட்டான். அவன் மனைவி சுகாசினி பூர்ணகும்பத்தோடு படியில் நின்றாள். கண்ணாயிரமும் கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களும் நாற்காலிகளில் இருந்தார்கள். வாத்தியார் அம்முலுவுக்கு மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்தார்.

கேட்டுக்குள் நுழைந்ததும் அம்முலு பாதையைப் பார்க்கவில்லை, புல்தரையைப் பார்த்தது. கயிற்றை ஒரு இழு இழுத்து ஒதுங்கி, மேய ஆரம்பித்துவிட்டது. நாற்காலிகளில் சிரிப்பு. மங்கையர்க்கரசிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மேயட்டும். மாலையும் குங்குமமும் வைத்த பசுவை இன்றைக்கு எவன் அடிப்பான்? ஏழரை வரைக்கும் அவன் புல்லை அம்முலு வேரோடு பிடுங்கித் தின்னட்டும், அவன் நின்று பார்க்கட்டும். திட்டம் போட்டதைவிட இது நன்றாக இருக்கிறதே என்று கயிற்றை இன்னும் தளர்த்தினாள்.

அப்போதுதான் கன்று எதையோ நக்குவதைப் பார்த்தாள். பந்தல் துணிக்குக் கீழே, பனி விழாத இடத்தில், புல்லுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக மணிகள்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. கிழிந்த உர மூட்டையை நக்கிய ஆடு வயிறு ஊதிச் செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். கயிற்றை இழுத்து அம்முலுவைக் கல்பாதைக்குத் தள்ளி, கன்றின் வாயைப் பிளந்து விரலை விட்டு வழித்தாள். நாக்கில் ஒட்டிய இரண்டு மணிகள் விரலோடு வந்தன. அவ்வளவுதான் இருந்தது, நல்ல காலம். செம்புத் தண்ணீரை வாங்கிக் கன்றின் வாயைக் கழுவிவிட்டு, அம்முலுவின் வாயையும் பிளந்து பார்த்தாள். அது மேய்ந்தது பந்தலுக்கு வெளியே, பனி கரைத்துவிட்ட பக்கம், வாயில் புல் மட்டும்தான். பிறகு நிமிர்ந்தாள். தன் கோபத்தை நினைத்துத் தனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

விருந்தாளிகள் பார்க்க வீடு பச்சையாக இருக்க வேண்டும் என்று நேற்று சாயங்காலம் வேல்முருகன் இதைத் தூவச் சொல்லியிருக்கிறான். தூவினால் தண்ணீர் விட வேண்டும் என்பது, இருபது வருடமாக ஊருக்கே உரம் விற்றவனுக்குத் தெரியவில்லை. ஒரு புல்லை வளர்த்திருந்தால் அல்லவா தெரியும்.

அவனுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. கையை அகல விரித்து, விருந்தாளிகளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தான். "தின்னட்டும் வுடும்மா. கோமாதா வாய் வெச்சா புல்லுக்குத்தான் புண்ணியம். சீக்கிரம் உள்ள இட்டுக்கினு வா, நேரம் போவுது."

மங்கையர்க்கரசி குனிந்து ஒரு பிடி மணியை அள்ளினாள். அவன் முன்னால் போய்க் கையை விரித்துக் காட்டினாள்.

"இது இன்னாது?"

அவன் பார்த்தான். சிரிப்பு நின்றது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. போன வாரம்தான் அவர்களில் பாதிப் பேரை, மூட்டை வரவில்லை என்று அவன் திருப்பி அனுப்பியிருந்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். இது இன்னாது?"

"யூரியா."

"எதுக்குப் போட்டீங்க?"

அவன் வாத்தியாரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். அவள் கையை எடுக்கவில்லை. மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"புல்லுக்கு" என்றான் வேல்முருகன்.

கண்ணாயிரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்த வாய், இன்றைக்கு அவனைப் பார்த்துச் சிரித்தது. மங்கையர்க்கரசி மணிகளை அவன் பட்டு வேட்டியின் மேல் கொட்டினாள். இந்தப் புல்லைத் தாண்டி என் மாடு வராது என்று வாத்தியாரிடம் சொன்னாள்.

சுகாசினி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நல்ல நேரத்தில் வாசலில் துடைப்பமா என்று யாரோ ஒரு கிழவி தடுத்தாள். வாத்தியார் அருகில் வந்து, கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக் கல் மேலேயே நடத்திப் போய்விடலாமே அம்மா என்று மெதுவாகச் சொன்னார். போகலாம்தான். இடுப்பில் ஒரு பிடி புல்லும் இருந்தது. அதை அவள் தொடவில்லை. மாட்டேன் சாமி என்றாள். இனிமேல் உன்னை நான் எந்த வீட்டுக்குக் கூப்பிடுவது என்று அவர் வருத்தப்பட்டார். அது நியாயம்தான், அந்த வருமானம் அவளுக்குப் பெரிது. இருந்தாலும் அம்முலுவைத் திருப்பினாள். அவளுக்குக் கொடுக்கத் தட்டில் வைத்திருந்த புடவை தட்டிலேயே கிடந்தது.

வேல்முருகன் கேட் வரைக்கும் கூடவே வந்தான். என்ன வேண்டும் சொல், வருடம் முழுக்க மூட்டை போடுகிறேன், பாட்டில் வேண்டாம், வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றான். கும்பிடவும் கும்பிட்டான். இதற்குத்தான் அவள் வந்தாள். ஆனால் ராணி அவள் தலைப்பைக் கவ்வியதை அவனால் திருப்பித் தர முடியுமா? அவள் நடந்தாள். உள்ளே கடிகாரம் ஏழரை அடித்தது எல்லாருக்கும் கேட்டது.

தெருவுக்கு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றதும், அம்முலு வாலைத் தூக்கியது. வீட்டுக்குள் விழ வேண்டிய சாணம் தெருவில் தாராளமாக விழுந்தது.

வேல்முருகன் சுகாசினியின் கையிலிருந்த பித்தளைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். வேட்டியில் யூரியா ஒட்டியிருந்தது.

"யக்கா, அந்தச் சாணியையாவது கொஞ்சம் குடுக்கா. உள்ள தெளிச்சிக்கறோம். ஒண்ணுமே இல்லாம எப்பிடி அந்த வூட்டுல கால வெக்கிறது?"

அவளைவிட அவன் ஐந்து வயதாவது மூத்தவன். மங்கையர்க்கரசி வண்டியிலிருந்து கோணிப்பையை எடுத்தாள். இரண்டு கையாலும் சாணத்தை வழித்து அள்ளினாள். தார் ரோட்டில் ஒட்டியதையும் வைக்கோலால் துடைத்துப் பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டினாள். அவன் தட்டை நீட்டியபடியே நின்றான்.

"கிடையாதுண்ணே" என்றாள். "எங்க புல்லுக்கே பத்தல."