குழாய் வைத்த தேன்பெட்டி

றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஜெயந்தினிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு தேனீ. குடியிருந்த லயத்துக்குக் கீழே, மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தில் பெட்டிகள் வைத்து வளர்த்தாள்.

போன வருஷம் ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது கழுத்தில் கொட்டு விழுந்தது. எத்தனையோ தடவை கொட்டு வாங்கியவள்தான். அன்று மட்டும் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. கூட நின்ற, அவளைப் போலவே தேனீ வளர்க்கும் நல்லமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த லொறியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இனிமேல் பெட்டியைத் திறக்கவே கூடாது, அடுத்த தடவை உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய பெட்டிகளெல்லாம் நல்லமுத்துவின் வீட்டு வளவுக்குப் போயின. அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால்தான், திறக்காமலே தேன் எடுக்கிற பெட்டி ஒன்றைக் கஜேந்திரன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், அந்த ஞாயிற்றுக்கிழமை தேனீ வளர்ப்பவர்கள் கூடும் வாசிகசாலைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

கஜேந்திரன் அட்டன் டவுனில் போன் கடை வைத்திருப்பவன். தேனீ வளர்ப்பில் புதியவன், புதியவனுக்குள்ள வேகமும் உண்டு. பெட்டியை மேசைமேல் வைத்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்துக் காட்டினான். தேனடை மாதிரியே அச்சாக அறுகோணக் கண்கள். சீனிப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு வந்திருந்தான். அதைக் கண்களில் ஊற்றி நிரப்பி, சட்டத்தை மறுபடி பெட்டிக்குள் நிறுத்தி, நீளமான சாவி ஒன்றைச் செருகித் திருப்பினான். கண்கள் பாதிப் பாதியாக விலகின. பாகு உள்ளுக்குள்ளேயே இறங்கி, பின்பக்கக் குழாய் வழியாகக் கிளாஸில் விழுந்தது.

 நல்லமுத்து எழுந்து வந்து, சாவியைத் தானே திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்த்திசையிலும் திருப்பிப் பார்த்தார்.

"வேல நல்லாத்தான் செஞ்சிருக்கான்," என்றார். "ஆனா இது வெள்ளக்காரன் நாட்டுப் பூச்சிக்கு அளவெடுத்துத் தச்சது தம்பி. நம்ம பூச்சி சின்னது. இந்தக் கண்ணு அதுக்குத் தொளதொளன்னு இருக்கும். ஏறாது."

குஞ்சு வளர்க்கத்தான் அளவு முக்கியம், தேன் சேர்க்கப் பெரிய கண் இருந்தால் என்ன என்று கஜேந்திரன் கேட்டான். அது நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது. ஜோசப்பின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் அதிகப் பெட்டி வைத்திருப்பவள் அவள்தான். பெட்டியைத் திறந்தால்தானே ராணி இருக்கிறதா, அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி விழுந்திருக்கிறதா என்று தெரியும். குழாயைத் திறக்கிறவன் அதையெல்லாம் பார்ப்பானா என்று கேட்டாள். மழை மாசத்துக்குத் தேனீக்கு எவ்வளவு தேன் விட்டுவைப்பது என்பதைக் குழாய் சொல்லுமா என்றும் கேட்டாள். பின்பக்கத்தில் கண்ணாடி இருக்கிறது, அதன் வழியாகப் பார்க்கலாம் என்றான் கஜேந்திரன். கண்ணாடியில் தெரிவது ஓரம்தானே, நடு எப்படித் தெரியும் என்றாள் அவள்.

ஜெயந்தினி, "அத என் மரக்கறித் தோட்டத்துல வச்சிப் பாப்போமா?" என்றாள்.

எல்லோருக்கும் அந்த லொறி நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நல்லமுத்து சாவியை மேசையில் வைத்துவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. அன்னிக்கி நீ என் கையில கெடந்தது எனக்குத்தான் தெரியும்."

"மூடியத் தொடமாட்டேண்ணே. பூச்சி போக வர்றது முன்னால, கொழா பின்னால. தூர நின்னு பாக்கிறதுக்குக்கூட இத்தன நாளா வழியில்லாம இருந்தேன்."

 அடுத்த வாரம் நல்லமுத்தே ஒரு நல்ல தேனீக் கூட்டத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து பாத்தி ஓரத்தில் இறக்கினார். புதுப்பெட்டியை அதன்மேல் ஏற்றிவைத்தார். பின்பக்கத்தில் கம்பு நட்டுக் கொசுவலையும் கட்டினார். வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், சாவி திருப்புகிற நாளில் தான் கூட இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயந்தினி வேலை முடிந்து வந்ததும் வலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். முதலில் கண்ணாடியில் பார்க்க ஒன்றுமில்லை. ஓரிரு தேனீ மேலே வரும், பிளாஸ்டிக்கின்மேல் நடக்கும், மீசையால் தட்டிப் பார்க்கும், இறங்கிப் போய்விடும். புது வீடு பார்க்க வந்து பிடிக்காமல் போகிறவர்கள் மாதிரி இருந்தது. இதை ஜோசப்பினுக்குப் போனில் சொன்னாள்.

பெட்டியே வேண்டாம் என்ற ஜோசப்பின்தான் வழியும் சொன்னாள். பழைய அடையை உருக்கி, அந்த மெழுகைக் கண்களின் விளிம்பில் பூசச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் நல்லமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்து தானே பூசியும் கொடுத்தாள். பிறகு அவளே தினமும் போன் எடுத்தாள். ஏறிச்சா, ஏறலையா?

ஏறின. யூக்கலிப்டஸ் பூத்த நேரம். பெரிய கண்களின் வாயைத் தங்கள் மெழுகால் சுற்றிக் கட்டிச் சின்னதாக்கிக்கொண்டு, உள்ளே தேனை நிரப்பத் தொடங்கின. ஜெயந்தினி வலையில் முகம் பதித்து அதைப் பார்த்தாள். தேனீ வளர்த்த காலமெல்லாம் அவள் பார்த்தது, திறக்கும்போது போடும் புகைக்குப் பயந்து ஓடும் தேனீக்களைத்தான். இவை அவளை அறியவே இல்லை. ஒன்று கொண்டுவந்ததை இன்னொன்றின் வாய்க்கு மாற்றியது. ஒன்று எந்த வேலையும் செய்யாமல் வெகுநேரம் மூலையில் நின்றது. அது ஏன் அப்படி நிற்கிறது என்று நல்லமுத்துவிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

தேன் நிரம்பிக் கண்கள் மெழுகால் மூடப்பட்டதும் எல்லோரும் கூடினார்கள். கையுறை மாட்டிக்கொண்டு, வலையை விலக்கி ஜெயந்தினிதான் சாவியைத் திருப்பினாள். மெழுகுக் கட்டு இறுக்கியிருந்ததால் இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்லிய நூலாகத் தேன் இறங்கியது. கிளாஸில் பாதிகூட நிறையவில்லை, நின்றுவிட்டது. அதற்குள் பெட்டிக்குள்ளே இரைச்சல் மாறியது. நல்லமுத்து அவள் தோளைப் பிடித்து வலைக்குப் பின்னால் இழுத்து விட்டார். ஒரு தேனீயும் அவளிடம் வரவில்லை.

அவளைத் தூர நிறுத்திவிட்டு அவர் மூடியைத் திறந்து பார்த்தார். கட்டு உடைந்த இடங்களில் தேன் கசிந்து, கீழே குஞ்சு அடைமேல் இறங்கியிருந்தது. தேனீக்கள் அதை நக்கி எடுத்துக்கொண்டிருந்தன.

"பாதி நமக்கு, பாதி அதுங்க தலையில," என்றாள் ஜோசப்பின். யாரையும் கொட்டாமல் கிடைத்த பாதி என்றான் கஜேந்திரன். சின்னக் கண் வைத்த சட்டம் செய்துதர முடியுமா என்று கம்பெனிக்கு எழுதப்போவதாகவும் சொன்னான். தேனை ஆளுக்கொரு விரலாகத் தொட்டு நக்கியபடி மதியம்வரை வாதாடினார்கள்.

நல்லமுத்து அதில் சேரவில்லை. பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியை விரலால் அளந்துகொண்டிருந்தார். "இத நம்ம பலகப் பெட்டியிலயும் வெட்டி வைக்கலாம்ல?" என்றார். ஜெயந்தினி தலையாட்டினாள். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

குழாய்ப் பெட்டியைக் கஜேந்திரன் எடுத்துக்கொண்டு போனான். அந்த இடத்தில் நல்லமுத்து கண்ணாடி வைத்த பலகைப் பெட்டியும் மரச் சட்டங்களும் வைத்தார். இப்போது ஜெயந்தினி கண்ணாடியில் பார்த்து, இந்தப் பக்கம் மூடியாச்சு, அந்தப் பக்கம் இன்னும் பச்சைத் தேன் என்று சொல்லி அனுப்புவாள். அவர் வந்து தேவையானபோது மட்டும் திறப்பார். கசியாத குழாய் வந்தால் முதலில் தன் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று கஜேந்திரனிடம் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

அந்த மாசக் கடைசியில் ஜோசப்பின் வந்தாள். ஓரம்தான் தெரியும் என்று சொன்னது சரிதானே என்று காட்டிவிட்டுப் போகத்தான் வந்தாளாம். வலைக்குப் பின்னால் ஜெயந்தினிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்குப் போக வேண்டிய வட்டவளை பஸ் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய், அந்த மூலையில நிக்கிதே," என்றாள் மெதுவாக, "அது என்னாடி செய்யுது?"